நான்கு படங்களிலும் அதே கை

இடது கை முதுகுக்குப் பின்னால் போகிறது. வலது கை மேலே எழுகிறது. காலை ஏழே முக்கால் மணிக்கு ஜெஃபர்சன் சாலையில் வரும் கார்கள் அத்தனையும் நின்றுவிடுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதுகுப் பைகளோடு கடந்துபோகும் வரையில் ஆர்லீதா மேபன் நடுச்சாலையில் அசையாமல் நிற்கிறார். ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை ஒன்றை நகராட்சி அவருக்குக் கொடுத்திருக்கிறது. அது விளக்குக் கம்பத்தில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டதற்கு, “பலகையப் பாத்து நிக்கிறவன், பலகை இல்லாதப்ப ஏத்திட்டுப் போயிருவான். என் கையைப் பாத்து நிக்கட்டும், பழகிக்குவான்” என்றார்.

வயது அறுபத்திரண்டு. உயரம் ஐந்தடி ஒன்று. கையில் வெள்ளைப் பருத்தி உறை. வாரத்தில் ஐந்து நாள் சாலையில் போட்டுக்கொள்ளும் உறை வேறு. ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளது வேறு. ஞாயிற்றுக்கிழமை உறையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, தாளில் சுற்றி, கைப்பையின் உள்ளறையில் வைத்திருப்பார். அதைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. மவுண்ட் ஹெர்மன் பாப்டிஸ்ட் சபையில் நாற்பத்துநான்கு வருடங்களாக வாசல் ஊழியம் செய்கிறவர் அவர். வருகிறவர்களை எதிர்கொண்டு, இடம் பார்த்து உட்காரவைத்து, ஜெபம் நடக்கும்போது கதவை அடைத்து, பரிசுத்த ஆவியில் நிறைந்து விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கும் ஊழியம் அது. ஆராதனை நடக்கும்போது ஊழியக்காரர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் கையாலேயே நடக்கவேண்டும்.

அதற்கென்று ஒரு மொழியே இருக்கிறது. ஒரு விரலைத் தோளில் வைத்தால், கதவைச் சாத்து. இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்தால், இந்த அம்மாவுக்கு வேர்க்கிறது, விசிறி கொண்டுவா. வலது உள்ளங்கையை இடது முழங்கையின்மேல் படிய வைத்தால், என் பக்கம் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஆளை அனுப்பு. இப்படி நாற்பது ஐம்பது. ஆர்லீதாவுக்கு இது ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. சாப்பாட்டுக் கடையில் காரச் சாஸ் பாட்டில் வேண்டுமென்றால் கன்னத்தைத் தொடுவார். பரிமாறுகிற பெண் பல்வலி என்று நினைத்து ஐஸ் கொண்டுவந்து வைப்பாள். கணவர் விட்டுப்போன கதையைக் கேட்டால், “அவரு போறேன்னு வாயால சொன்னாரு. நான் கையால டாட்டா காட்டிட்டேன். சத்தமே இல்லாம முடிஞ்சிருச்சு” என்று சிரிக்கிறார்.

இத்தனையும் சொன்னால்தான் மார்வா டிலேன் விஷயம் புரியும்.

ஆர்லீதாவின் முன்னறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு வீடியோப் பெட்டி, நான்கு கேசட்டுகள். நான்கிலும் மார்வா டிலேன் பாடுகிறாள். ஐம்பது வருடங்களுக்கு முன்பு, பெரிய ஸ்டுடியோ ஒன்று முழு ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்ட முதல் கறுப்பினப் பெண்களில் ஒருத்தி. வேலைக்காரி வேஷம் வேண்டாம், துடைப்பத்தோடு திரையில் வரமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். அதற்கு ஸ்டுடியோக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலைக்காரியாகவும் வேண்டாம், வேறு எதுவாகவும் வேண்டாம். படத்தின் நடுவே வந்து, தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனால் போதும். கதையில் யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. யாரும் அவள் பக்கத்தில் நிற்கவும் மாட்டார்கள். தெற்கே, கறுப்பு முகம் திரையில் வரக் கூடாது என்கிற திரையரங்குக்காரர் அந்தப் பாட்டை மட்டும் கத்தரித்து எறிந்துவிட்டுப் படத்தை ஓட்டினால், கதையில் ஒரு நூல்கூட அறுபடாது.

படங்களின் பெயர்களை ஆர்லீதா சொல்வதில்லை. தூண் படம், மாடிப்படி படம், பியானோ படம், கப்பல் படம். மார்வா எதன்மேல் சாய்ந்து நின்றாளோ அதுதான் படத்தின் பெயர். நான்கிலும் சேர்த்து அவள் திரையில் இருக்கும் நேரம் பதினொரு நிமிடம். முட்டை அவிக்க வைத்திருக்கும் மணிக்கருவியை வைத்து அளந்திருக்கிறார். “மீதி ஏழு மணி நேரம் யாரோ வெள்ளைக்காரங்க கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அது நமக்கெதுக்கு?”

யாராவது அவரை ரசிகை என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். “ரசிகைன்னா கையெழுத்துக் கேப்பா. எனக்கு அவகிட்ட கேள்வி கேக்கணும். அவ்வளவுதான்.”

கேள்விகள் தெற்கே ஷ்ரீவ்போர்ட் ஊரில் தொடங்கியவை. ஆர்லீதாவுக்கு அப்போது பதினொரு வயது. சினிமாக் கொட்டகையில் கறுப்பர்கள் ஏறிப்போகும் பின்படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மட்டும் மார்வா டிலேன் படம் போட்ட விளம்பரத்தாள் ஒட்டியிருந்தார்கள். பத்து சென்ட் கொடுத்து மேல்மாடியில் போய் உட்கார்ந்தார். கதாநாயகன் விருந்து மண்டபத்துக்குள் நுழைகிறான். வயலின்காரர்கள் வில்லை உயர்த்துகிறார்கள். படம் விக்கல் எடுத்ததுபோல் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த கணம் கதாநாயகன் தெருவில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். மேல்மாடி முழுவதும் ‘ஊ’ என்று ஊளையிட்டது. “அன்னைக்குத்தான் நான் அவள மொதமொதல்ல பாக்காமப் பாத்தேன்” என்கிறார் ஆர்லீதா. அந்த விக்கலுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆறு வருடமும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு ரயில் பயணமும் தேவைப்பட்டன. அங்கே சென்ட்ரல் அவென்யூக் கொட்டகையில் முழுப் படத்தையும் பார்த்தார். மார்வா தூணில் சாய்ந்து நின்று பாடிய இரண்டே முக்கால் நிமிடத்தில் பக்கத்தில் இருந்தவரின் பாப்கார்னையும் சேர்த்துத் தின்றுவிட்டாராம். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவர்தான் பின்னாளில் டாட்டா வாங்கிப்போன கணவர்.

வீடியோப் பெட்டி வாங்கியது எட்டு வருடத்துக்கு முன்பு. படத்தை நடுவில் நிறுத்தி வைக்கலாம் என்று தெரிந்ததும் ஆர்லீதாவுக்கு வேறு வேலை ஓடவில்லை. மார்வாவின் காதணியைப் பார்த்தார், கொண்டையூசியைப் பார்த்தார், செருப்பின் வாரைப் பார்த்தார். அப்புறம்தான் கையைப் பார்த்தார். பாட்டு முழுக்க இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கடைசி வரி வரும்போது வலது கை மெதுவாகக் குறுக்கே வந்து, உள்ளங்கை இடது முழங்கையின்மேல் படிகிறது. இரண்டு மூச்சு நேரம் அங்கேயே இருக்கிறது. பிறகு அவள் திரும்பிப் போய்விடுகிறாள். தூணிலும் அப்படித்தான், மாடிப்படியிலும் அப்படித்தான், பியானோவிலும், கப்பலிலும்.

ஆர்லீதா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அது பாட்டுக்காரியின் நிலை இல்லை. அது வாசல் ஊழியக்காரியின் நிலை.

“என் பக்கம் ஓர் இடம் காலி.” அப்படித்தான் அவர் அதைப் படித்தார். யாரையும் பக்கத்தில் நிற்கவிடாமல் எடுத்த படத்தில், கத்தரிக்குத் தப்பிய ஊர்களின் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, என் பக்கத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று அவள் சொல்கிறாள். வெள்ளைக்கார டைரக்டருக்கு ஒரு எழவும் புரிந்திருக்காது. இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து ஆர்லீதாவின் மனது நிறைந்து கிடந்தது. பதினொரு வயதில் தனக்கு வந்து சேராமல் போன அழைப்பு ஒருவழியாக வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார். காலையில் காபி போடும்போதுகூட ஒருமுறை முழங்கையைத் தொட்டுக்கொள்வார்.

தெருவில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. முடிதிருத்தும் கடையில், அது சூதாட்டக்காரர்களுக்குள் ஏதோ சாடை என்றார்கள். வாசல் ஊழியக் குழுவின் தலைவி வெர்டெல் ஹாப்கின்ஸ் வீட்டுக்கு வந்து நான்கையும் பார்த்துவிட்டு, “சிஸ்டர், அந்தக் கவுன்ல சரிகைத் தகடு தச்சிருக்காங்க பாருங்க. கை அரிச்சிருக்கும்” என்றார்.

“நாலு படத்துலயும் அதே எடத்துலயா அரிக்கும்?”

“எனக்கு மெனோபாஸ் வந்தப்ப பதினெட்டு எடத்துல அரிச்சுது.”

ஆனால் ஆர்லீதா பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. கையசைவு தெரிந்தவள் ஏதோ ஒரு சபையில் நின்றிருக்க வேண்டும். எந்தச் சபை? அவள் கியூபாவில் பிறந்தவள் என்று ஸ்டுடியோ ஒரு கதை கட்டியிருந்தது. அவள் செத்தபோது செய்தித்தாள்களும் அதையே எழுதின. ஆர்லீதா மூன்று பத்திரிகைகளுக்குக் கடிதம் போட்டார். நூலகத்துக்குப் போய்ப் பழைய தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டினார். மார்வா டிலேன் பத்தொன்பது வயதில் குடியிருந்த வாடகை வீடு கிடைத்தது. மவுண்ட் ஹெர்மன் சபையிலிருந்து அது நாலு வீடு தள்ளி.

இங்கேதான் டீக்கன் ஹோசியா யான்சி குறுக்கே நின்றார். வயது எழுபத்தெட்டு. சபையின் மூத்த ஊழியர், பதிவேடு எழுதும் எழுத்தர். பழைய ஆட்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். வாயில் எப்போதும் இஞ்சி மிட்டாய், சட்டைப்பையில் மூன்று பேனா. முப்பதுகளின் உறுப்பினர் புத்தகம் தண்ணீர்க் குழாய் வெடித்ததில் நனைந்து பாழாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்லீதா எத்தனை முறை கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். “புத்தகத்துல இருந்தா இருக்கு. புத்தகமே இல்லன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?”

“உங்களுக்கு ஞாபகம் இருக்குமே டீக்கன். நீங்க அப்ப இங்கதான இருந்தீங்க?”

“நான் எழுத்தர். ஞாபகத்துல எழுத மாட்டேன்.”

அந்தக் கையைப் பற்றி ஆர்லீதா சொல்ல வாயெடுத்தாலே போதும், “சினிமாப் பேச்ச சபை வாசலுக்கு வெளிய வெச்சுக்கம்மா” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பக்தியில் விட்டுவிட்டார் என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த வருடம் சபைக்கு எழுபத்தைந்து நிறைகிறது. தொடக்கத்திலிருந்து வாசல் ஊழியம் செய்த ஒவ்வொருவர் பெயரையும் விழா அன்று சத்தமாக வாசிப்பது என்றும், பித்தளைத் தகட்டில் பொறித்து முன்வாசலில் பதிப்பது என்றும் முடிவாயிற்று. பட்டியல் டீக்கன் யான்சியின் கையில். மார்வா டிலேன் பெயர் அதில் இல்லை. விஷயம் தெரிந்ததும் ஆர்லீதா நேரே போதகரிடம் போனார். “அந்தப் பேரு இல்லாத தகட்டுல என் பேரும் வேண்டாம். அடுத்த ஞாயிறு நெஞ்சுல குத்தியிருக்கிற ஊழியச் சின்னத்தையும் கழட்டிக் குடுத்துடறேன்” என்றார். நாற்பத்துநான்கு வருடமாக அவர் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அதை விட்டால் அவருக்கு வாரமே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். போதகர் அரண்டுபோய் ஒரு வழி சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் குழு கூடட்டும். ஆர்லீதா தன் ஆதாரத்தைக் காட்டட்டும். எழுத்தர் உட்கார்ந்து முழுவதும் பார்க்க வேண்டும், நடுவில் எழுந்து போகக் கூடாது. அன்று மாலை பட்டியல் தகடு செய்கிறவரிடம் போய்விடும்.

சபையின் சாப்பாட்டுக்கூடத்தில் ஏழெட்டு மடக்கு நாற்காலிகள். ஞாயிறு பள்ளியின் தொலைக்காட்சியைச் சக்கர மேடையோடு தள்ளிவந்து சுவரோரம் வைத்திருந்தார்கள். வெர்டெல் வெண்ணெய்க் கேக் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். டீக்கன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியல் மடிமேல், பட்டியலின்மேல் தொப்பி.

“டீக்கன், ஒரு துண்டு கேக்கு?”

“சக்கரை வியாதி.”

“போன வாரம் அடக்கம் முடிஞ்ச சாப்பாட்டுல மூணு துண்டு சாப்ட்டீங்களே?”

“அது செத்தவங்களுக்கு மரியாதை.”

ஆர்லீதா சிரிக்கவில்லை. தூண் படத்தைப் போட்டார். வெள்ளைக் கவுனில் மார்வா டிலேன் நிற்கிறாள், இடது கை பின்னால். அந்தக் குரலில் அவசரம் கிடையாது. பெட்டியின் சின்ன ஒலிபெருக்கியில்கூட அது கூடத்தின் கடைசி வரை போயிற்று. மென்றுகொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாய் நின்றன. கடைசி வரியில் வலது கை குறுக்கே வந்தது. ஆர்லீதா பொத்தானை அழுத்தினார். படம் நடுங்கிக்கொண்டே நின்றது.

“பாத்துக்கங்க” என்றார். அடுத்த கேசட். அடுத்தது. நான்காவதும் முடிந்தபோது வெர்டெல்கூட அரிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆர்லீதா திரைக்கு முன்னால் வந்து நின்றார். “நாலு படம். நாலு டைரக்டரு. நாலு கவுனு. அதே கை. நம்மள மாதிரி ஒரு வாசல்ல நின்னவதான் இதப் பண்ண முடியும். அவ என்ன சொல்றான்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லவே வேண்டாம். இடம் காலின்னு சொல்றா. என் பக்கத்துல ஒருத்தரையும் நிக்க விடல, நீங்க வாங்கன்னு நம்மள…” திரையில் உறைந்து நின்ற கையைத் தொட்டுக் காட்டினார். “நம்மளக் கூப்புடறா. மேல்மாடியில இருந்த நம்மள.”

வெர்டெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார்.

“தப்பு.”

கடைசி நாற்காலியிலிருந்து வந்தது அது. டீக்கன் யான்சி முன்னால் குனிந்து கப்பல் படத்தின் உறைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையசைவைத் தப்பாகப் படித்தால் பொறுக்கமுடியாத பழைய ஊழியக்காரரின் எரிச்சல் அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. “அது காலி இடம் இல்லம்மா. காலி இடம்னு நீங்க படிச்சது வாசல் ஊழியக்காரங்க சங்கத்துப் பாடம். நாப்பத்தேழுல எல்லாச் சபைக்கும் ஒண்ணுபோல வேணும்னு அச்சடிச்சுக் குடுத்தாங்களே, அது. அதுக்கு முந்தி இந்தச் சபையில முழங்கையில கை வெச்சா, ‘என்னை மாத்தி விடு’ன்னு அர்த்தம். கால் கடுக்குது, இனிமே நிக்க முடியல, ஆளு வான்னு. வேற எந்தச் சபையிலயும் அது கெடையாது. நாங்களா உண்டாக்கிக்கிட்டது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. இஞ்சி மிட்டாய் கன்னத்துக்குள் அப்படியே நின்றது.

ஆர்லீதா கேட்டார். “நாங்களான்னா யாரு டீக்கன்?”

அவர் தொப்பியின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வேற எந்தச் சபையிலயும் இல்லாதது அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“பக்கவாசல் அவளுது” என்றார் டீக்கன். “மாத்தி விடற ஆளு நான்.”

“டீக்கன்!” வெர்டெல் நாற்காலி கிறீச்சிட எழுந்தார். “இத்தன வருஷமா இந்தம்மா உங்க பின்னாலயே அலையுது. ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“புத்தகத்துல இருக்கான்னு கேட்டாங்க. புத்தகத்துல இல்ல.”

“சரி. இப்ப நான் கேக்கறேன்” என்றார் ஆர்லீதா. அவர் குரலில் கோபம் இல்லை. எட்டு வருடம் அவரை நூலகம் நூலகமாக அலையவைத்த அந்தக் கேள்வி கேட்கும் முகம்தான் இப்போதும் இருந்தது. “அவ ஏன் போனா?”

டீக்கன் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “முப்பத்தெட்டுல. க்ளப்புல பாடறான்னு தெரிஞ்சுபோச்சு. புதன்கிழமை சாயங்காலம் சபை கூடுச்சு. நீக்கணும்ங்கறவங்க கை தூக்குங்கன்னாங்க. எல்லாரும் தூக்குனாங்க. எனக்கு இருபத்திரண்டு வயசு.” தன் வலது கையைப் பார்த்தார். “நானும் தூக்குனேன்.”

வெர்டெல் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

“அவ அப்பவும் பக்கவாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தா. அன்னைக்கு அவளோட முறை. எல்லாக் கையும் எறங்குன அப்புறம் என்னையே பாத்து, முழங்கையில கை வெச்சா. மாத்தி விடுன்னு. மாத்தி விட வர்றவன் வலது பக்கம் போய் நிக்கணும், அவளுக்குக் கதவத் தொறந்து விடணும். அதான் மொறை. நான் எந்திரிக்கல. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் அவளே கதவத் தொறந்துக்கிட்டுப் போய்ட்டா.” டீக்கன் கண்ணாடியைக் கழற்றினார். “நாலு வருஷம் கழிச்சுப் படத்துல வர்றான்னாங்க. அதோட நான் கொட்டகைப் பக்கம் போறத விட்டுட்டேன். என் மொகம் அவளுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயம். முட்டாத்தனம்தான். படம் நம்மளப் பாக்குமா?”

“உங்களத்தான் கூப்பிட்டாளா, நாலு படத்துலயும்?” வெர்டெல் மெதுவாகக் கேட்டார்.

“தெரியல. பழக்கமா இருக்கலாம். கால் கடுத்திருக்கலாம்.” கண்ணாடி இல்லாத கண்களைத் தேய்த்துக்கொண்டார். “தெரியல.”

பட்டியலை எடுத்தார். மூன்று பேனாக்களில் ஒன்று எழுதவில்லை, இன்னொன்றை எடுத்தார். ‘மார்வா டிலேன், பக்கவாசல்’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, வெர்டெலிடம் நீட்டினார். வெர்டெல் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆர்லீதா ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவர் முகமாக அது இல்லை. எட்டு வருடம் நெஞ்சோடு வைத்திருந்த அழைப்பு தனக்கு வந்தது அல்ல என்பது அவருக்கு வலித்தது. அதைவிட, இடம் இருக்கிறது வாருங்கள் என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்வதாகத் தான் பார்த்து மகிழ்ந்த பதினொரு நிமிடமும், நிற்க முடியவில்லை என்று அவள் சொன்ன பதினொரு நிமிடம் என்பது இன்னும் வலித்தது. கையைப் படிப்பதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று நினைத்திருந்தவர். “நான் தப்பாப் படிச்சுட்டேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். “பாவி, எட்டு வருஷமா தப்பாப் படிச்சிருக்கேன்.”

பிறகு கப்பல் படத்தை எடுத்துவிட்டு, தூண் படத்தை மறுபடி உள்ளே தள்ளினார். முதலிலிருந்து ஓடவிட்டார்.

வாத்தியங்கள் தொடங்கியபோது டீக்கன் யான்சி எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். தொலைக்காட்சி மேடையின் வலது பக்கம் போய், கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தோள் பாதி வழியில் பிடித்துக்கொண்டது. வலது கையால் அதைத் தள்ளி உள்ளே வைத்தார். மார்வா டிலேன் பாடிக்கொண்டிருந்தாள்.

வெர்டெல் ஆர்லீதாவைத் தேடித் திரும்பினார். அவர் நாற்காலியில் இல்லை. கார் நிறுத்தும் முற்றத்தைப் பார்த்த பக்கவாசலுக்குப் போயிருந்தார். தாழை விலக்கி, கதவை முழுவதும் திறந்து, தன் முதுகால் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். மத்தியான வெயில் கூடத்துக்குள் வந்து திரையில் விழுந்ததில் உருவம் வெளுத்துப்போய்க் குரல் மட்டும் கேட்டது. கதவைச் சாத்துங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து, அவள் போக ஆகும் நேரமும் கழியும் வரையில், ஆர்லீதா கதவைத் திறந்தே பிடித்திருந்தார்.